சத்தம் கேட்கும், சொல் கேட்காது

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

ஏடிஎம் அட்டை முடங்கி நான்கு நாளாகிறது. வங்கிக்கு நேரில் போனேன். பாஸ்புக், ஆதார், ஊனச் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தன. "சேவை எண்ணுக்கு அழைத்து உங்கள் குரலில் உறுதி செய்ய வேண்டும்" என்று அங்கிருந்த தம்பி ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எனக்குக் காது கேட்காது என்று வாயால் சொன்னேன். "நன்றாகத்தானே பேசுகிறீர்கள்?" என்றார்.

ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. அதற்குள் தமிழ் நாக்கில் ஏறிவிட்டதால் பேச்சு தங்கிவிட்டது. இதை விளக்கியே என் ஆயுளில் பாதி கழிந்திருக்கும். பேசுகிறவளுக்குக் காதும் கேட்டாக வேண்டும் என்பது ஊரின் கணக்கு.

மாலையில் மாடிவீட்டுப் பெண் என் கைபேசியை வாங்கிக்கொண்டாள். என் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, "ஆமாம், நான்தான் பேசுகிறேன்" என்றாள். மூன்று நிமிடத்தில் அட்டை உயிர்பெற்றது. எதிரில் நின்ற என்னை நம்பாதவர்கள், நான் அல்லாத ஒருத்தியை நம்பினார்கள். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்று அந்தத் தம்பி எழுதிய தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த கட்டுரையில் 'செவிடன் காதில் ஊதிய சங்குப் போல' என்று மூன்று இடத்தில் வந்தது. ஒற்று மிகக் கூடாது. மூன்று 'ப்'களையும் நீக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். சங்கு ஊதுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. தெருமுனையில் ஆள் உயர ஒலிபெருக்கி. இரவெல்லாம் தூக்கமில்லை என்று தெருவே கண் சிவந்து நிற்கிறது. நான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை ஏழு மணி வரை தூங்கினேன். "உங்களுக்கென்ன அக்கா, கொடுத்து வைத்தவர்கள்" என்றாள் மாடிவீட்டுப் பெண். ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பாராட்டு இது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பின்வீட்டு மதினி மதிலுக்கு மேல் தலையை நீட்டி என்னவோ கேட்டார்கள். "பல்லி இருக்கிறதா?" என்று படித்தேன். இருக்கிறது, அடுப்படியில் இரண்டு, குளியலறையில் ஒன்று என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் புரிந்தது. கேட்டது மல்லி, ரசத்துக்கு.

உதட்டைப் படிப்பது என்றால் ஏதோ புத்தகம் படிப்பதுபோல எல்லோரும் நினைக்கிறார்கள். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மகரத்தில் மூச்சு மூக்கு வழியாகப் போகிறது. மூக்கில் போகும் மூச்சை யார் பார்ப்பது? படியும் மடியும் எனக்கு ஒன்று, பணமும் மணமும் ஒன்று. ககரம் தொண்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். எதிரில் இருப்பவர் வெற்றிலை போட்டிருந்தாலோ, மீசையை மேலுதட்டுக்கு மேல் சரிய விட்டிருந்தாலோ, இருப்பதும் போயிற்று. பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறோம். நாள் முழுக்க ஊகித்தால் சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் வலிக்கும்.

"கருவிதான் போட்டிருக்கிறீர்களே?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது அதிகச் சக்திக் கருவி. நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 பேட்டரி போட வேண்டும். ஸ்டிக்கரை உரித்தால் காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கும். பிறகு நாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். அது எனக்குத் தருவது சத்தத்தை. பின்னால் பஸ் வருவதும், குக்கர் விசில் அடிப்பதும், யாரோ என்னைக் கத்திக் கூப்பிடுவதும் தெரியும். என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பது தெரியாது.

செப்டம்பர் 11, புதன்

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் நாத்தனார் மகன் கல்யாணம். ரயில் டிக்கெட் எடுக்க நானும் என் கணவரும் போனோம். மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் சலுகை விதியை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். எனக்கு 90க்கு மேல். ஆனால் ரயிலில் பாதிக் கட்டணம் வேண்டுமானால் காதும் கேட்கக் கூடாது, பேச்சும் வரக் கூடாது. இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும். இவர் பிறவியிலேயே கேளாதவர், பேச்சு இல்லை, சலுகை உண்டு. நான் பேசித் தொலைக்கிறேன். அதனால் இவருக்குத் துணையாக வருபவள் என்று எழுதி, துணைக்கு உள்ள பாதிக் கட்டணத்தில் போகிறேன். ஒன்றும் கேட்காத ஒருவருக்கு ஒன்றும் கேட்காத ஒருத்தி துணை!

திரும்பும் வழியில் கைபேசிக் கடையில் இறங்கினோம். அங்கே நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. இவர் ஒரு தாளில் 'போன் சார்ஜ் நேற்று ஏறும் இல்லை, வாங்கி மாதம் ஒன்று' என்று எழுதி நீட்டினார். கடைப்பையன் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். "படிக்கவில்லையா?" என்று என்னிடம் கேட்டான், அவரிடம் கேட்கவில்லை.

எழுதிக் காட்டினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. இவருடைய தாய்மொழி சைகை மொழி. அதில் 'ஐ', 'ஆல்', 'கு' என்று வேற்றுமை உருபு கிடையாது. யார், எதை, யாரிடம் என்பதைக் கை நகரும் திசையே சொல்லிவிடும். கேள்விச் சொல் கடைசியில் வரும். தமிழை ஒருமுறைகூடக் காதால் கேட்காமல், கண்ணால் மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். லேத் பட்டறையில் நூலிழை அளவு பிசகாமல் கடைகிற கை அது. 'ஏறும் இல்லை' என்று எழுதியதால் இளக்காரமாகிவிட்டது. சிரித்த பையன் ஒரு மாதம் சீனத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

கல்யாணம் முடிந்து வந்தாயிற்று. நிறைய இருக்கிறது எழுத.

ரயில் நிலையத்தில் எங்கள் வழக்கம் எல்லாக் கேளாதவர்களுக்கும் தெரியும்: பலகையைவிடக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கூட்டம் சட்டென்று எழுந்து படிக்கட்டுப் பக்கம் ஓடினால் நடைமேடை மாறிவிட்டது என்று அர்த்தம். பலமுறை இப்படி ஓடியிருக்கிறோம். ஒருமுறை அவர்கள் ஓடியது வடை விற்பவரை நோக்கி.

மண்டபத்தில் கைபேசியில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் திறந்து வைத்தேன். பேசுவதைத் தமிழில் எழுதிக் காட்டும். அமைதியான அறையில், ஒருவர் நிறுத்திப் பேசினால் உருப்படியாகவே எழுதும். தவில் தொடங்கியதும் அது கைவிரித்துவிட்டது. கெட்டிமேளம் மட்டும் எங்கள் இருவருக்கும் நெஞ்செலும்பில் கேட்டது.

பந்தியில் பெரியத்தை கதை சொன்னார்கள். அரை மணி நேரம். இலைக்கு இலை ஆட்கள் குலுங்கிச் சிரித்தார்கள், ஒருவருக்குப் புரையேறியது. பக்கத்திலிருந்த சித்தியிடம் என்ன என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, உன் பெரிய மாமா பெண் பார்க்கப் போன கதை. அப்புறம் சொல்கிறேன்." எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த 'அப்புறம்' முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. அத்தையின் உதட்டில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்ததைப் பிடித்தேன்: பாடு, பாடு.

எதிர் இலையிலிருந்து இவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொன்னார்களாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். இடது கையால்தான் சொன்னேன், வலது கையில் சாம்பார். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

இரவுதான் கல்யாணம் களைகட்டியது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படித்த நண்பர்கள் ஐந்து பேர் இவரைப் பார்க்க வந்திருந்தார்கள். மண்டபத்து மூலையில் குழல்விளக்குக்குக் கீழே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டோம். யாரும் யாருக்கும் சுருக்கிச் சொல்லவில்லை. ஒருவர் கடன் வாங்கிய கதை வட்டிக் கணக்கு உட்பட வந்தது. பதினொன்றரைக்குக் காவலாளி விளக்கை அணைத்தார். இருட்டில் எங்களுக்கு வாய் கட்டிப்போகும். அப்படியே நாற்காலியோடு தெருவிளக்குக்கு அடியில் குடியேறினோம். 'போய்வருகிறேன்' என்று முதல் ஆள் எழுந்தது பன்னிரண்டுக்கு; கடைசி ஆள் கிளம்பியது ஒன்றே காலுக்கு.

செப்டம்பர் 19, வியாழன்

இவருக்கு ஒரு வாரமாக மேல்வயிற்றில் வலி. மருத்துவர் முகக்கவசம் போட்டிருந்தார், கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார். கவசத்தைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று கேட்டேன். பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு எங்கள் மகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அவளுக்குப் பதினொரு வயது, காது நன்றாகக் கேட்கும். அதிலிருந்து அந்த அறையில் பெரிய மனுஷி அவள்தான். நானும் இவரும் அவள் கூட்டி வந்த இரண்டு பிள்ளைகள்.

மருத்துவர் ஐந்து நிமிடம் பேசினார். மகள் எங்கள் பக்கம் திரும்பி, "ஒன்றுமில்லையாம், மாத்திரை சாப்பிட வேண்டுமாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சீட்டை விரித்தால் அடியில் எண்டோஸ்கோப்பி என்று கிறுக்கியிருந்தது. கேட்டதும் அழுதுவிட்டாள். பத்து நாளில் வலி குறையாவிட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றாராம். அதற்குச் சைகை தெரியவில்லை, அப்பா பயப்படுவார் என்றும் நினைத்தாள். அரசின் சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021இலேயே 10,000 சொல் கொண்ட அகராதியைக் காணொளியாக வெளியிட்டிருக்கிறது. மருத்துவச் சொற்களும் உண்டு. மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கும்போது ஒரு குழந்தை அகராதியைப் புரட்டுமா?

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யைச் சொன்னபோது கையை லேசாக உதறினாள். அது என் கை உதறல். பந்தியில் இவருக்கு நான் உதறியது.

செப்டம்பர் 23, திங்கள்

சர்வதேச சைகை மொழிகள் தினம். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951இல் தோன்றிய நாள் இது. 2017இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 'சைகை மொழி உலகம் முழுவதற்கும் ஒன்றே' என்று சிறப்பு விருந்தினர் நெகிழ்ந்தார். எழுத்தைக் காட்ட நமக்கு இரண்டு கை வேண்டும், அமெரிக்கர்களுக்கு ஒரு கை போதும். இதையாவது யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். பிறகு குறும்படம் போடுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். மேடையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் இருட்டில் கரைந்துபோனார். படத்தில் எழுத்தும் இல்லை. எங்கள் வரிசையில் எல்லோரும் கைபேசி டார்ச்சை அடித்து ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தோம். படத்தைவிட அது நன்றாக இருந்தது.

செப்டம்பர் 25, புதன்

இவருக்கு வலி குறைந்திருக்கிறது.

பெரியத்தைக்குப் போன வாரமே எழுதியிருந்தேன்: பந்தியில் சொன்ன கதையை ஒருவரி விடாமல் எழுதி அனுப்புங்கள் என்று. இன்று வந்துவிட்டது. வாட்ஸாப்பில், ஒன்பது நிமிடக் குரல் பதிவாக! இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் குரல் பதிவு அனுப்புகிற மனசை என்ன சொல்ல.

மகள் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் எதிரில். ஒரு வாக்கியம் கேட்பாள், நிறுத்துவாள், சைகையில் சொல்வாள். அத்தை இருமிய இடத்தில் இருமினாள்.

அம்பாசமுத்திரத்தில் பெரிய மாமா தெரு மாறி வேறு வீட்டுக்குள் போயிருக்கிறார். அந்த வீட்டில் மாடு வாங்க ஆள் வருவதாக இருந்தது. வாங்க வாங்க என்று பலகாரம் கொடுத்து, "பிடித்திருந்தால் பல்லைப் பாருங்கள்" என்றார்களாம். "பல் எல்லாம் எதற்கு, குணம் இருந்தால் போதும்" என்றாராம் மாமா. "குணத்துக்கு என்ன குறை, இதுவரை யாரையும் முட்டியதில்லை" என்றார்களாம். மாடு, மாடு என்று ஒன்பது நிமிடமும் மாடுதான்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகளும் சுருண்டு சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெல்ல உயர்த்திக் கேட்டார்.

"அப்படியானால் பாடியது யார்?"