சுலைமானியே: புகைக்கென்று ஓர் அறை

இஸ்தான்புல்லில் எமினோனு படகுத்துறையில் இறங்கி நிமிர்ந்தால், மேட்டின் உச்சியில் சுலைமானியே பள்ளிவாசல் தெரியும். கடைத்தெருச் சந்துகளில் மூச்சு வாங்க ஏறி நான் முற்றத்துக்குள் நுழையவும், லுஹர் (நண்பகல்) தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. தொழுகை முடியும்வரை பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். சரி என்று எதிர்ச்சாரியில் உட்கார்ந்து, இந்தத் தெருவுக்கே பேர்போன வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். அந்தக் கடைவரிசையும் வளாகத்தின் பகுதிதான். மதரசாக்கள் எனும் மார்க்கக் கல்விக்கூடங்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சோறு போடும் சமையற்கூடம், குளியல்கூடம் எல்லாம் சேர்ந்து ஒரு குட்டி ஊர்.

கட்டச் சொன்னவர் சுல்தான் சுலைமான். 1550இல் தொடங்கி 1557இல் முடித்தவர் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். மினாராக்கள் எனும் கோபுரங்கள் நான்கு, அவற்றில் மொத்தம் பத்து பால்கனிகள். சுலைமான், இந்த நகரம் உஸ்மானியர் (ஒட்டோமான் துருக்கியர்) கைக்கு வந்தபின் ஆண்ட நான்காவது சுல்தான், அந்த வம்சத்தின் பத்தாவது சுல்தான் என்பதற்கு அடையாளம் என்று சொல்வார்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. தலைக்குமேலே 53 மீட்டர் உயரத்தில் குவிமாடம். அதன் விட்டம் சுமார் 26.5 மீட்டர், அதாவது உயரத்தில் பாதி. முன்னும் பின்னும் இரண்டு அரைக் குவிமாடங்கள் அதைத் தாங்குகின்றன. இதே நகரில் 537இல் தேவாலயமாகக் கட்டி முடித்த ஹாகியா சோஃபியாவின் அமைப்பும் இதேதான். முந்தைய நாள்தான் அங்கே போயிருந்தேன். அங்கே பக்கவாட்டுக் கூடங்கள் இருட்டில் ஒதுங்கி நிற்கின்றன. சினானோ நான்கு பெரிய தூண்களில் பாரத்தை இறக்கி, பக்கச் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டுமானத்தைச் சுவரோடு சுவராக மறைத்து, உள்ளே முழுவதையும் ஒரே கூடமாகத் திறந்துவிட்டார். அந்தத் தூண்களைத் துருக்கியர் ‘யானைக் கால்’ என்கிறார்கள். பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பெயர்தான் பொருத்தம். ஹாகியா சோஃபியா என்னை மலைக்க வைத்தது. இங்கே மனசு இலேசானது. எனக்குப் பிடித்தது இதுதான்.

அலங்காரம் கொஞ்சம்தான். தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தைச் சுற்றி மட்டும் இஸ்னிக் ஊரின் வண்ண ஓடுகள். அதில் அப்போதுதான் புதிதாகக் கைவந்த தக்காளிச் சிவப்பு. மற்றபடி கல்லும் வெளிச்சமும்தான்.

ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது வேறொன்றைப் பார்க்க. கம்பிகளில் தொங்கும் விளக்கு வளையங்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே நிற்கின்றன. இன்று மின்விளக்குகள், அன்று எண்ணெய் விளக்குகள். அத்தனை விளக்கும் எரிந்தால் புகை எங்கே போகும்? சில வருஷங்களிலேயே சுவரும் அதிலுள்ள எழுத்தும் கறுத்துப் போயிருக்குமே. சினான் அதையும் யோசித்தார். உள்ளே காற்று ஓடும் போக்கைக் கணித்து, புகை தானாகவே பிரதான வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்துச் செல்லப்படும்படி செய்தார். துருக்கி மொழியில் அதற்குக் கரி அறை என்றே பெயர். அங்கே படிந்த கரியைச் சுரண்டி எடுத்து மை செய்தார்கள். விளக்குக் கரியும் கருவேலம் பிசினும் சேர்ந்ததுதான் அன்றைய எழுத்துக் கலைஞர்களின் மை. தொழுகைக்காக எரிந்த விளக்கின் புகை ஏட்டில் எழுத்தாகி இறங்கியது என்பதை நினைத்தபடி வாசலுக்குமேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வளாகத்தின் மதரசாக்களில் இன்று கையெழுத்துப் பிரதிகளுக்கான பெரிய நூலகம் இருப்பது இன்னும் பொருத்தம்.

அப்புறம் பின்பக்கத் தோட்டம். சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரமும் தனித்தனி மண்டபங்களில் அடங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால், மதரசாக்களின் சின்னச் சின்னக் குவிமாடங்கள் சரிவில் படிப்படியாக இறங்க, அப்பால் கோல்டன் ஹார்ன் கடற்கழியின் நீரும் கலாத்தா கோபுரமும்.

சினானின் கபர் (அடக்கத்தலம்) இந்தத் தோட்டத்தில் இல்லை. வெளியே வந்து மதிலோரமாகவே நடந்து, இரண்டு தெருக்கள் கூடும் வடக்கு மூலைக்குப் போக வேண்டும். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து 1588இல் மறைந்தவருக்கு முக்கோணமாக ஒரு துண்டு நிலம்தான். முனையில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு சின்னக் கட்டடம். கம்பிச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய தலைப்பாகை வைத்த வெள்ளைக் கல் நின்றது.