பாய்மரப் படகின் பேட்டரிப் பெட்டி: பயணம் முடிந்தும் ஆறாத கோபம்

தீவுகளையும் துறைகளையும் வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் நாங்கள் செலவைப் பங்கிட்டுச் சென்ற பாய்மரப் படகின் பேட்டரிப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காற்று தளர்ந்ததால் பாயோடு எஞ்சினையும் சேர்த்து ஓட்டிய மாலையில், கேபினுக்குள் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. சற்று நேரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அலறியது. டீசல் புகை என்றே எல்லோரும் நினைத்தோம். படகோட்டி மட்டும் வோல்ட் மீட்டரைப் பார்த்தார், 15.6 காட்டியது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி, 12 வோல்ட் அமில பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதித்துக்கொண்டிருந்தன. அப்போது வெளியேறும் ஹைட்ரஜனுக்கும் அந்த அலாரம் அலறக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்ற ஒரு பொறி போதும். ஆகவே அடுப்பை அணைக்கச் சொல்லி, மின் சுவிட்ச் எதையும் தொடாமல், எஞ்சினை அதன் இழுப்புக் கம்பியால் நிறுத்தி, மேல்தளத் திறப்புகள் அனைத்தையும் திறந்துவிட்டார். அந்த நிதானத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நங்கூரமிட்டு, பேட்டரிகள் ஆறிய பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது, மேல்நோக்கித்தான் போகும். அந்த மூடியிலோ ஒரு துளைகூட இல்லை. படகு சாய்ந்தோடும்போது பேட்டரிகளைப் பிடித்து நிறுத்த இருந்தது ஒரு மெல்லிய நைலான் கயிறு மட்டுமே. பேட்டரியின் உள்ளறைகளான செல்களின் மூடி ஓரத்தில் அமிலம் கசிந்து, முனைகளில் நீலப்பச்சைப் பூப்பு தடித்திருந்தது. அடியில் தட்டு இல்லாததால் சிந்திய அமிலம் நேரே படகின் அடித்தளத்துக்குப் போகும். அங்கே தேங்கும் கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். இப்படிப் பொருத்துவதற்கும் ஒருவர் கைநிறையக் கூலி வாங்கியிருக்கிறார்! அமிலம் தாங்கும் தட்டு, அகலமான பட்டை, முனைகளுக்கு மூடி, காற்றுக்குழாய், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ்: இத்தனையும் சேர்ந்தாலும் ஒரு லித்தியம் பேட்டரியின் விலைக்கு அருகில்கூட வராது.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கசிவைச் சமையல் சோடாக் கரைசலால் துடைத்தோம். அது செல்லுக்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது. செல்லுக்குள் நீர் குறைந்து வெளியே தெரிந்த தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரை விட்டோம். முழு அளவுக்கு நிரப்புவது சார்ஜ் ஏறிய பின்புதான். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும்.

கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இன்றும் அமில பேட்டரியையே சிபாரிசு செய்வேன். சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமலும், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் சோதித்தும் வந்தால் அது பல ஆண்டு உழைக்கும். காற்றுவழி இல்லாத பெட்டியோடு படகை வாடகைக்கு விடுபவருக்கு மட்டும் ஒரு காசும் தரக் கூடாது.