வெளிச்சம் தெரியுதாலே?

நமக்கு ஃபிட்டர் வேலை, அதாவது இரும்பை அளவாக ராவிப் பொருத்தும் வேலை, கற்றுத்தந்த ஃபிட்டர் சார் இறந்த செய்தி மும்பையிலிருந்து வந்தபோது வளைகுடாவில் நம்மவர் பாதிப்பேர் ஷிஃப்டில் இருந்தார்கள். சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். புகழ்ச்சி அவருக்கு ஆகாது. அளவு சொன்னால்தான் காது கொடுப்பார்.

தாராவியிலிருந்து வந்த பையன்களுக்கு முதலில் அரம்தான். மைல்டு ஸ்டீல் தட்டை 50 மில்லிமீட்டர் சதுரமாக, பக்கமெல்லாம் மட்டமாகக் கொண்டுவர வேண்டும். வைஸ் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அரம் போகும்போதுதான் வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது இடக்கைக்குப் பலம், முடியும்போது வலக்கைக்கு. இது மாறினால் ஓரம் தேய்ந்து நடு மேடாகிவிடும். இரும்புத்தூள் பல்லில் அடைத்து ஜாப்பை, அதாவது ராவும் இரும்பை, கீறாமலிருக்க அரத்தில் சாக்பீஸ் தேய்ப்போம். ராவிய பக்கத்தை விரலால் தடவினால் வசவு விழும். வியர்வைப் பிசுக்கில் அரம் வழுக்கும். புது அரத்தை முதலில் பித்தளைக்குத்தான் தருவார். இரும்பில் ஓடிய அரம் பிறகு பித்தளையைக் கடிக்காது.

அப்புறம் அந்த ஜன்னல். ஜாப்பின் மேல் மூலைமட்டத்தை வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் பக்கம் மட்டமில்லை. “வெளிச்சம் தெரியுதாலே?” தெரிந்தால், அந்த ஜாப்பில் பையனே தன் பெயரை இரும்பு எழுத்து அச்சால் அடித்து வாசல் அலமாரியில் வைக்க வேண்டும். மராத்திப் பையன்களுக்குக்கூட அந்தத் தமிழ்க் கேள்வி மனப்பாடம். அது கொடுமைதான், இன்று செய்தால் புகார் போகும், போகவும் வேண்டும். ஆனால் அலமாரியில் பெயர் ஏறியவன் மட்டம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் நீலச்சாயத்தை அப்பிப் பார்க்க மாட்டான், மெலிதாகத்தான் தடவுவான். அப்பினால் பள்ளத்திலும் நீலம் ஒட்டும், மேடு எது என்று தெரியாது.

எம் 10, அதாவது 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான மரை போட 8.5 மில்லிமீட்டர் துளை. துளை சிறுத்தால் மரை வெட்டும் டேப் உள்ளேயே முறியும், பெருத்தால் மரை ஆழம் பிடிக்காது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சுருள் அறுந்தால்தான் அடுத்த சுற்று. இதில் அவசரம் காட்டிய யாரையும் அவர் மன்னித்ததில்லை.

அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் 1961 சட்டத்தையும் சொல்லிவிடுவார்: “நீ பயிற்சியாளன், தொழிலாளி இல்ல. முடிஞ்சதும் வேலை தரணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது.” அப்படியேதான் நடந்தது. துணி மில்கள் ஷாப்பிங் மாலாகிக்கொண்டிருந்த ஊரில் வேலை எங்கிருந்து வரும்? வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளின் டிரேடு டெஸ்டில், அதாவது கைவேலைத் தேர்வில், நம் கைகள் சுலபமாகத் தேறின. ஜன்னலுக்குப் பயந்த கைகள் ஆயிற்றே.

பயிற்றுநர் ஆவதற்கான படிப்பு சயானிலேயே இருந்தது. “நடந்தே போயிரலாம்லே” என்று கெட்டிக்காரப் பையன்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் விமானம் ஏறினோம். சம்பளம் வந்தது, ஊரில் வீடும் எழும்பியது. அவர் நின்ற பெஞ்சுக்குப் பின்னால் நிற்க நம் செட்டில் ஒருவர்கூட இல்லை.

அவர் நினைவாகக் கல்வெட்டு வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. என் ஓட்டு அரத்துக்கு: 300 மில்லிமீட்டர் பாஸ்டர்டு (கரடு), 250 செகண்ட் கட் (நடுத்தரம்), 200 ஸ்மூத் (நைஸ்). வாங்குகிறவர்கள் கைப்பிடியையும் சேர்த்து வாங்குங்கள். பிடியில்லாத அரத்தின் கூர்வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.