வெள்ளியா செம்பா? ஒரு டச்சுக் காசு படுத்திய பாடு

பழைய காசை எடுத்துக்கொண்டு நேரே நகைக்கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தேவிபட்டினத்தில் அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த காசு. வெள்ளை நிறம், இப்போதைய ஒரு ரூபாய் அகலம், எடை 3.10 கிராம். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் தரம் பார்க்கும் மெஷினில் வைத்தார்கள். வெள்ளி 80 சதவீதத்துக்கு மேல் என்று சீட்டு வந்தது. வெள்ளி விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். பக்கத்திலிருந்த ஊழியர் எழுத்தைப் பார்த்துவிட்டு, “வி.ஓ.சி.ன்னு இருக்கே, நம்ம சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி காசு தம்பி” என்றார். அதே எழுத்துக்குக் கீழே 1745 என்று இருக்கிறது. வ.உ.சி. பிறந்ததே 1872-இல்! அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. பெரிய ‘வி’யின் இரண்டு கைகளிலும் ஓவும் சியும் கோத்திருக்கும். பின்பக்கம் அலைக்குள்ளிருந்து பாதி உடம்போடு எழும் சிங்கம், அதாவது நெதர்லாந்தின் சீலாந்து மாகாணச் சின்னம்.

இந்தக் காசுகள் பெரும்பாலும் செம்பு. வெள்ளியில் அடித்தவை அபூர்வம். அதனால்தான் மெஷின் சீட்டை நம்பி விற்க மனம் வரவில்லை. அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும்.

வீட்டிலேயே தண்ணீர்ச் சோதனை செய்யலாம். நகைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். எனக்கு 0.35 கிராம் காட்டியது; காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 3.10-ஐ அதால் வகுத்தால் 8.86, அதாவது தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். வெள்ளிக்கு 10.5 வரவேண்டும், செம்புக்கு 8.96. சரி, உள்ளே செம்புதான்.

அப்புறம் விலை கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனது தண்டம். “விலையெல்லாம் நாங்க சொல்றதில்ல” என்றவர், மண்ணில் தோண்டி எடுத்ததா என்று குடைய ஆரம்பித்துவிட்டார். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மை. வீட்டுப் பைக்குள் இருந்த காசுக்கு அந்தக் கேள்வியே இல்லை. “வெச்சுட்டுப் போங்க, விசாரிச்சுச் சொல்றோம்” என்றார். ரசீது கேட்டேன், இல்லை என்றார். காசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கடைசியில் மதுரையில் பழைய நாணயம் விற்பவர் ஒருவர் லென்ஸில் விளிம்பைக் காட்டினார். வளையம் பற்றவைத்துப் பிறகு அறுத்த தழும்பு, அதன் ஓரத்தில் சிவப்பாய்ச் செம்பு. யாரோ கழுத்தில் போட வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தாலே இதற்குச் சில நூறு ரூபாய்தானாம். இதற்கு நூறு தருகிறேன் என்றார். முலாமை எடுத்துவிட்டால்? “எழுத்தும் சேர்ந்து போயிரும். புளி, எலுமிச்சை எதுவும் போட்டுராதீங்க.” இத்தனை பேரில் காசை ஒழுங்காகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் விற்கவில்லை.

இதற்கிடையே சித்தப்பா படத்தை இணையத்தில் போட, ஒருவன் போனில் இரண்டு லட்சம் தருகிறேன் என்றான். முதலில் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். இந்த மாதிரி மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. அதைப் படித்தும் காட்டினேன். சித்தப்பா அந்த நம்பரை இன்னும் அழிக்கவில்லை.