சேணத்தைக் கண்டாலே முதுகை இறக்கும் குட்டி

மூன்று வயதுக் குதிரை. சேணம் வைத்ததும் முதுகைக் கீழே இறக்குகிறது. வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருகிறது, ஆள் ஏறினால் துள்ளி உதறுகிறது. இதைத் திமிர் என்று சொல்லிச் சாட்டையை எடுக்கிறோம். தயவுசெய்து அடிக்காதீர்கள். வலிக்கிறதா என்று முதலில் முதுகைத் தடவிப் பாருங்கள்.

குதிரைக்கு மார்புப் பகுதியில் 18 முதுகெலும்பு, இடுப்பில் 6. ஒவ்வொன்றின் மேலும் ஒரு முள் எழுந்து நிற்கும். முட்களுக்கு நடுவே இடைவெளி குறைந்து ஒன்றோடொன்று உரசினால் அதற்கு 'கிஸ்ஸிங் ஸ்பைன்' என்று பெயர். பெரும்பாலும் 13 முதல் 18 வரையிலான எலும்புகளில் வரும். சேணம் உட்காருவதும் அதே இடத்தில்தான்.

பின்னங்கால் தள்ளாடுகிறதா, குளம்பு நுனி தரையில் இழுபடுகிறதா, சின்ன வட்டமாகத் திருப்பினால் கால் பின்னுகிறதா? அப்படியானால் கோளாறு நரம்பில். மாடும் குதிரையும் ஒரே கொட்டகையில் நிற்கும் நம் கிராமங்களில் கும்ரி என்ற நரம்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும். மாட்டின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுபோய்விடும். அவை தண்டுவடத்தைத் தாக்கும். இதற்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும்.

முள் உரசலை எக்ஸ்ரேதான் காட்டும். ஆனால் படத்தில் உரசல் தெரிந்தும் நோகாத குதிரைகள் உண்டு. அதனால் அந்த இடத்தை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, நடை மாறுகிறதா என்று பார்ப்பார்கள். தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாள் கல்லூரி பக்கம். குதிரை முதுகைப் படமெடுக்கும் வசதி இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வண்டித் தளத்தில் ரப்பர் பாய் வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் குதிரை முதுகை விறைத்துத்தான் நிற்கும். அங்கே மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

முட்களின் பக்கவாட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம், தேவைப்பட்டால் முட்களுக்கு நடுவே உள்ள தசைநாரை வெட்டிவிடும் அறுவையும் உண்டு. எதைச் செய்வது என்பது மருத்துவர் முடிவு. மருந்துக் கடையில் நீங்களாக வலி ஊசி வாங்காதீர்கள். கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து 2006 முதல் தடை; அது ஏறிய உடலைத் தின்ற கழுகுகள் செத்தன. வலி மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் குதிரையின் இரைப்பையும் புண்ணாகும்.

வலி குறைந்ததும் குணமாகிவிட்டது என்று சவாரிக்கு எடுப்பதில்தான் பல குதிரைகள் கெடுகின்றன. ஊசி சில மாதம்தான் தாங்கும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் ஆழ்தசை வலியால் மெலிந்திருக்கும். அந்தச் சில மாதத்துக்குள் அதை வளர்த்தாக வேண்டும்.

அதற்கு கேரட் போதும். குதிரையைச் சமதரையில் சுவரோரம் நிறுத்துங்கள். கேரட்டைக் காட்டி மூக்கை முதலில் மார்புக்கும், அடுத்து முழங்கால்களுக்கு நடுவிலும், பிறகு கணுக்கால்களுக்கு நடுவிலும் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் வயிற்று வார், இடுப்பு, பின்னங்கால் கணு. ஒவ்வொன்றிலும் 5 விநாடி நிறுத்தி, 5 முறை. வாரம் 5 நாள். வெடுக்கென்று பறித்துத் தின்றால் பயனில்லை, மெல்ல நீள வேண்டும். மூன்று மாதம் இப்படிச் செய்த குதிரைகளுக்கு அந்தத் தசை தடித்ததை ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். கூடவே, வார் கட்டும் இடத்தில் நடு வயிற்றை விரல் நுனியால் மேல்நோக்கி அழுத்தினால் முதுகு எழும். தோளோரம் நின்று செய்யுங்கள், பின்னங்கால் முன்னால் வீசும்.

அடுத்தது நடைப் பயிற்சி. முதல் வாரம் கையில் பிடித்து நேர்கோட்டில் 10 நிமிடம், தினம் இரண்டு வேளை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 வரை போகலாம். நாலாவது வாரம் சவுக்கு மரக் கம்பு நாலை 80 செ.மீ. இடைவெளியில் கிடத்தி, தலையைத் தாழவிட்டுத் தாண்ட வையுங்கள். குளம்பு கம்பில் இடித்தால் இடைவெளியை மாற்றுங்கள். கோடையில் நம் செம்மண் பாறையாக இறுகிவிடும். கேழ்வரகு அறுத்த கொல்லை நல்லது, புதிதாக ஆழ உழுத நிலம் ஆகாது. கயிற்றில் சுற்றவிட்டால் வட்டம் 20 மீட்டருக்குக் குறையக் கூடாது.

தீனியைத் தரை மட்டத்தில் வையுங்கள். தலை தாழ்ந்தால் பிடரித் தசைநார் இழுபட்டு முட்கள் விரியும். வெறும் மண்ணில் கொட்டினால் மணல் வயிற்றில் சேர்ந்து வலி வரும்; ஒரு கருங்கல் பலகை போதும், கிருஷ்ணகிரியில் அதற்கா பஞ்சம்! தவிட்டைக் குறையுங்கள், அதில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்குச் சரி, வளரும் குதிரைக்கு எலும்பு இளகும். குதிரைமசால் கொடுங்கள்.

நாட்டியக் குதிரைக்குப் பழக்கத் தலையை உயர இழுத்துக் கட்டுவது இந்தக் குட்டிக்குக் கொடுமை. முதுகு குழிந்து முட்கள் நெருங்கும். இரு சக்கர வண்டியின் பாரமும் முதுகுப் பட்டையில்தான் இறங்கும், அதுவும் வேண்டாம்.

முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தரை, ஆறு வயது ஆகும். அதுவரை பொறுத்தால் நல்லது. பிறகும் சேணம், ஆள் சேர்ந்து குதிரை எடையில் 15 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன்: 300 கிலோ நாட்டுக் குதிரைக்கு 45 கிலோ. பெரியவர்கள் ஏற வேண்டாம். ஏறுகிறவரும் சேணத்தின் கால் வளையத்தில் தொங்கி ஏறாமல், பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் நின்று மெல்ல உட்கார வேண்டும்.