துயரக் கதை வேறு, உரிமைக் கதை வேறு: விருதுக்கு அனுப்பும் முன்

மனித உரிமை இதழியல் விருதுகளின் முதல் சுற்றில் கழிந்துபோகிறவற்றில் பல நன்றாக எழுதப்பட்டவைதான். ஒரு தாய், ஒரு குடிசை, ஒரு சாவு. படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் நடுவர் தேடுவது வேறு மூன்று விஷயங்களை: யாருடைய எந்த உரிமை பறிபோனது, அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது, இரண்டையும் எதைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். வெள்ளத்தில் ஒருவர் இறந்தால் அது துயரம். அணையைத் திறக்கும் முன் எச்சரிக்க வேண்டிய அதிகாரி எச்சரிக்கவில்லை என்று பதிவேட்டோடு காட்டினால் அது உரிமைக் கதை. சம்பவம் ஒன்றே. இரண்டாவதை எழுத இன்னும் மூன்று வாரம் அலைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எந்த விருதுக்கு அனுப்புகிறோம் என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். ஆளுக்குத் தரும் விருதும் படைப்புக்குத் தரும் விருதும் வேறு வேறு. யுனெஸ்கோவின் கியெர்மோ கானோ பரிசு முதல் வகை. 1986 டிசம்பரில் பொகோட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்ட, கொலம்பிய நாளிதழ் 'எல் எஸ்பெக்தடோர்' ஆசிரியர் கானோவின் பெயரில் 1997 முதல் தருகிறார்கள், தொகை 25,000 டாலர். 2009இல் அது இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவுக்குப் போனது, அவர் கொலையான சில மாதங்களுக்குள். இதற்கு நாமே விண்ணப்பிக்க முடியாது. உறுப்பு நாடுகளோ பத்திரிகைச் சுதந்திர அமைப்புகளோ பரிந்துரைக்க வேண்டும். நியூயார்க்கிலிருந்து இயங்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1991 முதல் தரும் விருதும் ஆளுக்கானதுதான். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்துக்கு எழுத்துக்காக 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது 2009 ஆகஸ்டில். அதே ஆண்டு அந்தக் குழு அவருக்கு விருது அறிவித்தது. 2010 ஜனவரியில் பிணை, மே மாதம் மன்னிப்பு அறிவிப்பு. விருதால்தான் வெளியே வந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வகை விருதின் வேலையே அதுதான்: உள்ளே இருப்பவரின் பெயரை வெளியே மறக்கவிடாமல் வைத்திருப்பது.

இரண்டாவது வகை கட்டுரைக்கு, ஒளிப்படத்துக்கு, ஆவணப்படத்துக்கு. அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடியின் தேர்தல் பயணத்தைப் பின்தொடர்ந்த நிருபர்கள் அவர் கொலையான 1968இலேயே தொடங்கிய விருது ஒன்று. பிரேசிலில், ராணுவ ஆட்சியின் விசாரணைக் கூடத்தில் 1975இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் விளாதிமிர் எர்சோகின் பெயரில் 1979 முதல் தருவது இன்னொன்று. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் பிரிட்டன் கிளை 1992 முதல் ஊடக விருது தருகிறது, அது பிரிட்டன் ஊடகங்களுக்கானது. எந்த நாட்டில் வெளியானது, எந்த மொழி, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் விதிமுறைப் பக்கத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு காலண்டர் ஆண்டுக்குள் வெளியானதைத்தான் கேட்பார்கள். டிசம்பர் 28இல் முதல் பகுதியும் ஜனவரி 4இல் கடைசிப் பகுதியும் வந்த தொடரை எந்த ஆண்டில் சேர்ப்பது என்று குழப்பம் வரும். ஊகிக்காமல் அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதுதான் வழி, கேட்டால் பதில் சொல்வார்கள்.

இனி, விண்ணப்பத்தோடு போகும் குறிப்பு. ஒரு பக்கம்கூட வராது. கட்டுரைக்கு ஆறு மாதம் உழைத்தவர்கள் இதைக் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறார்கள். அதன் முதல் வரி இப்படி இருக்கும்: "இக்கட்டுரை குரலற்றவர்களின் குரலாக ஒலிக்கிறது." இந்த வரியை நடுவர் அன்றைக்கு இருபதாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார். இதே இடத்தில் கற்பனையாக ஒரு மாதிரி தருகிறேன்: "ஒரு செங்கல் சூளையில் 11 குடும்பங்கள் முன்பணத்துக்காக வெளியேற விடாமல் வைக்கப்பட்டிருந்ததை நிறுவுகிறோம். ஆதாரம்: சூளையின் கூலிக் கணக்குப் புத்தகம், தனித்தனியாக எடுத்த 9 வாக்குமூலங்கள், தொழிலாளர் துறையின் ஆய்வறிக்கை. முதலாளிக்கு 7 கேள்விகள் எழுத்தில் அனுப்பினோம். அவர் பதில் 14ஆம் பத்தியில்." நாலே வரிதான், அதில் பெயரடையே கிடையாது. மீறல், அளவு, ஆதாரம், எதிர்த்தரப்புக்குக் கொடுத்த வாய்ப்பு எல்லாம் வந்துவிட்டன. 'தனித்தனியாக' என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஒன்பது பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து எடுத்தது ஒன்பது சாட்சியம் ஆகாது என்பது நடுவருக்குத் தெரியும்.

குறிப்பில் 'தாக்கம்' என்று ஒரு பகுதி கேட்பார்கள். அங்கே சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எழுதுவது வீண். அரசாணை வந்திருந்தால் எண், தேதி. விசாரணை தொடங்கியிருந்தால் எந்த அலுவலகம், இப்போது எந்தக் கட்டம். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று எழுதலாம், அதனால் மதிப்பெண் குறையாது. நடந்தது எல்லாம் நம்மால்தான் என்று உரிமை கொண்டாடினால்தான் குறையும்.

தாக்கம் என்றால் என்ன என்பதற்கு ஏபி செய்தி நிறுவனத்தின் 2015 ஆண்டுப் புலனாய்வை அடிக்கடி சுட்டுவார்கள். இந்தோனேசியாவின் பெஞ்சினா தீவில் மீன்பிடி அடிமைகள், சிலர் கூண்டுக்குள். அங்கிருந்து மீன் ஏற்றிய கப்பலைச் செயற்கைக்கோள் தடத்தில் தாய்லாந்து வரை தொடர்ந்து, இறக்கிய லாரிகளின் பின்னால் நான்கு இரவுகள் போய், மீன் எந்த ஆலைக்குப் போகிறது, யார் வாங்குகிறார்கள் என்பதுவரை சங்கிலியைக் கோத்தார்கள். 2,000 பேருக்கு மேல் விடுதலையானார்கள், 2016இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் என்ற அமெரிக்க இதழியல் பரிசு கிடைத்தது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது விடுதலையான எண்ணிக்கைகூட அல்ல. பேட்டி கொடுத்த ஆட்கள் தீவிலேயே இருக்கும்போது பெயரும் முகமும் வெளியானால் அவர்கள் உயிருக்கு ஆபத்து. அதனால் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பிடம் தகவலைக் கொடுத்து, அவர்களைத் தீவிலிருந்து அகற்றிய பிறகே செய்தியை வெளியிட்டார்கள். கையில் அப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு காத்திருப்பது எளிதல்ல. இப்படிக் காத்திருந்திருந்தால் அதைக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். நம்மூர் நிருபர்கள் இதைத் தற்பெருமை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நடுவருக்கு அது தகவல்.

தமிழில் எழுதியதை அனுப்பும்போது மொழிபெயர்ப்பில்தான் பாதி உயிர் போகிறது. பல சர்வதேச விருதுகள் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கும். 'காணாமல் போனவர்', 'காணாமல் ஆக்கப்பட்டவர்' இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் 'மிஸ்ஸிங்' என்று போட்டுவிட்டால் கட்டுரையின் முதுகெலும்பே முறிந்தது. முதலாவது வழி தவறியவர். இரண்டாவது, அரசோ அதன் துணையோடு வேறு யாரோ கொண்டுபோய், கொண்டுபோனதையே மறுக்கும் குற்றம். அதற்கென்றே 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இருக்கிறது. ஆங்கிலச் சட்டச் சொல் 'என்ஃபோர்ஸ்டு டிஸ்அப்பியரன்ஸ்'. அதைத்தான் போட வேண்டும். 'கொத்தடிமை'யும் அப்படியே. கடன்பட்ட தொழிலாளி என்று போனால் வங்கிக் கடன் வாங்கியவர் போல நிற்பார்.

இன்னொன்று, "விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்." நம் செய்திகளில் தினமும் வரும் வாக்கியம். அழைப்பாணை கொடுத்தார்களா, கைது செய்தார்களா, எந்தப் பதிவும் இல்லாமல் வண்டியில் ஏற்றிப்போனார்களா? மூன்றும் சட்டத்தில் மூன்று. தமிழ் வாக்கியம் மூன்றையும் மூடி மறைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இங்கே நிறுத்தி நிருபரைக் கேட்க வேண்டும். நிருபருக்கே விடை தெரியவில்லை என்றால் ஓட்டை மொழிபெயர்ப்பில் இல்லை, செய்தியில் இருக்கிறது. மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஒரே பத்தி எண் போடுங்கள். மூலத்தில் இல்லாத ஒரு வரியைக்கூடச் சேர்த்து 'மெருகேற்ற' வேண்டாம். நடுவர் குழு தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டி ஒப்பிட்டால் அன்றோடு கதை முடிந்தது.

தொழில்நுட்பச் சில்லறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்பு மட்டும் போதாது. தளம் மாறும், கட்டணப் பூட்டு விழும், ஆகவே வெளியான தேதியும் பத்திரிகைப் பெயரும் தெரியும் பிடிஎஃப் ஒன்று வேண்டும். வீடியோவில் சப்டைட்டில் படத்தோடு பதிந்திருந்தால் நல்லது, தனிக் கோப்பு சிலரிடம் திறக்காது. ஒளிப்படத்துக்கு மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டும். வெளியான பிறகு திருத்தமோ மறுப்போ வழக்கறிஞர் நோட்டீஸோ வந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கோப்புகளை அனுப்பும் முன் ஒருமுறை எதிராளியின் கண்ணால் பாருங்கள். கட்டுரையில் பெயர் மாற்றிய பெண்ணின் உண்மைப் பெயர் பிடிஎஃப்பின் கோப்புப் பெயரிலேயே இருப்பதுண்டு. படத்தின் உள்தரவில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு (ஜிபிஎஸ் எண்) ஒட்டியிருக்கலாம். ஆதாரம் என்று இணைத்த வாக்குமூலக் கோப்பில் கணினியில் கருப்புப் பட்டை போட்டு மூடிய வரி, நகலெடுத்து ஒட்டினால் அப்படியே படிக்கக் கிடைக்கலாம். வேர்ட் கோப்பில் பழைய திருத்தங்கள் அத்தனையும் உயிரோடு இருக்கலாம். விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் எந்தெந்த நாட்டில், எந்தக் கணினியில் திறப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. உண்மைப் பெயர்களை அனுப்பவே அனுப்பாதீர்கள். நடுவர் குழு கேட்டால் பேசிக்கொள்ளலாம்.

பெயர் வரிசையிலும் சண்டை வரும். வெளியூர் நிருபரைக் கூட்டிக்கொண்டு போய், ஆட்களை அறிமுகப்படுத்தி, மொழிபெயர்த்து, அவர் ஊர் திரும்பிய பிறகும் அதே தெருவில் வாழ வேண்டியவர் உள்ளூர் உதவியாளர். விண்ணப்பத்தில் அவர் பெயர் இருக்காது. 2000இல் சியரா லியோனில் கொல்லப்பட்ட ராய்ட்டர்ஸ் நிருபர் கர்ட் ஷோர்க்கின் பெயரிலான விருது, இத்தகையவர்களுக்கென்றே பின்னாளில் ஒரு பிரிவைச் சேர்த்தது. அவரைக் கேட்டுவிட்டுப் பெயரைச் சேருங்கள். வேண்டாம் என்பதற்கும் அவருக்குக் காரணம் இருக்கலாம்.

பொய்யும் விருது வாங்கியிருக்கிறது. 1981இல் வாஷிங்டன் போஸ்டின் ஜேனட் குக், எட்டு வயதுப் போதை அடிமைச் சிறுவனைப் பற்றிய கட்டுரைக்குப் புலிட்சர் வாங்கினார். சிறுவன் கற்பனை. மாட்டிக்கொடுத்தது கட்டுரையல்ல, சுயவிவரத்தில் போட்ட பட்டம்: அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகைக்கு அது பொருந்தாமல் தெரிந்தது, நூல் பிடித்துப் போனார்கள், பரிசு திரும்பியது. 2018 டிசம்பரில் மாட்டியவர் ஜெர்மன் வார இதழ் டெர் ஷ்பீகலின் கிளாஸ் ரெலோட்டியுஸ். பல விருதுகள் வாங்கியவர், சாட்சிகளையே புனைந்திருந்தார். அந்தப் பத்திரிகைக்குத் தகவல் சரிபார்க்கவென்றே பெரிய பிரிவு இருந்தும், சந்தேகப்பட்டுத் தோண்டியவர் அவரோடு சேர்ந்து எழுதிய சக நிருபர் ஒருவர். உரையாடல் கச்சிதமாகவும் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் குறியீடாகவும் இருக்கும் கட்டுரையை இன்றைய நடுவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கிறார்கள் என்றால் அதற்கு இவர்களும் காரணம். ஆகவே ஒலிப்பதிவு, குறிப்பேடு, தேதியிட்ட படங்கள் எதையும் முடிவு வரும்வரை அழிக்காதீர்கள்.

விருது தருகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். தான் எந்த அரசைப் பற்றி எழுதுகிறாரோ அதனிடமிருந்தே பத்திரிகையாளர் பரிசு வாங்கக் கூடாது என்பது இந்தியப் பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் நிலைப்பாடு. 2009இல் பத்மபூஷணை அவர் ஏற்கவில்லை. நிறுவனங்களின் பணத்துக்கும் இதே கேள்வி உண்டு. விருது அமைப்பே நெருக்கடிக்கு ஆளாகவும் செய்யும். ஹாங்காங்கில் 1995 முதல் நடந்த மனித உரிமைப் பத்திரிகை விருதுகளை, அங்குள்ள வெளிநாட்டு நிருபர்கள் சங்கம் 2022இல் முடிவு அறிவிக்கும் தறுவாயில் நிறுத்தியது. மூடப்பட்டுவிட்ட 'ஸ்டாண்ட் நியூஸ்' தளத்துக்குப் பல பரிசுகள் போகவிருந்தன. புதிய பாதுகாப்புச் சட்டத்தில் எது குற்றம் என்று தெரியவில்லை என்பதே காரணம். மறு ஆண்டு மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்சும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் அதைக் கையில் எடுத்தன.

கிடைத்துவிட்டால் முதல் போன் கட்டுரையில் இருப்பவர்களுக்குப் போக வேண்டும், பத்திரிகை அலுவலகத்துக்கு அப்புறம். விருது அறிவித்ததும் அந்தப் படமும் பெயரும் இன்னொரு சுற்று உலகம் போகும். ஒரு வருடத்துக்கு முன் 'போடுங்கள்' என்று சொன்ன பெண் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில், பழையதைச் சொல்லாத ஒரு வீட்டில் இருக்கலாம். அவருக்கு இப்போது வேண்டாம் என்றால் அமைப்பாளர்களிடம் சொல்லி வேறு படம் கொடுங்கள். அறிவிப்புக்கு முந்தின நாள் சொன்னால்கூட மாற்றிவிட முடியும், மறுநாள் முடியாது.