பதினாறும் தோற்ற வருடம்

எங்கள் டெஸ்டிங் லேபில் திங்கட்கிழமை என்றால் முதல் பேச்சு டெட்ராய்ட் லயன்ஸ் என்ற ஃபுட்பால் அணிதான். முந்தின நாள் ஆட்டத்தை மூத்த டெக்னீஷியன் ஒருமுறை சொல்லி முடித்த பிறகுதான் மெஷின்களை ஆன் செய்வோம். 2008-ல் நான் டெட்ராய்டுக்கு வடக்கே ட்ராய் என்ற ஊரில், கார் கதவு லாட்ச் செய்யும் ஒரு சப்ளையர் கம்பெனியில் இன்ஜினியர். அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பான்டியாக்கில் பராசக்தி கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வெள்ளைக் கூரை தெரியும். 2001 வரை லயன்ஸ் ஆடியது சில்வர்டோம் என்ற அந்த மைதானத்தில்தான் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்த ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய, கணக்கில் சேராத 4 ஆட்டங்களையும் லயன்ஸ் ஜெயித்தது. நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. காரணம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அரம் போட்டு, உரசி, ஒவ்வொன்றாகப் பொருத்திய புரோட்டோடைப் லாட்ச் டெஸ்டில் அருமையாக ஓடும். அதே டிசைன் புரொடக்‌ஷன் டூலிலிருந்து வரும்போதுதான் அதன் நிஜமான குணம் தெரியும்.

செப்டம்பர் 7, அட்லாண்டாவில் முதல் தோல்வி. எதிரணியின் புது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், மேட் ரயன். தன் தொழில் வாழ்க்கையில் அவர் எறிந்த முதல் பாஸே 62 கெஜ டச் டவுன், பந்து எங்கள் எல்லைக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் கிரீன் பேயிடம் 48-25, அதற்கடுத்து சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 31-13. செப்டம்பர் 24 அன்று அணி நிர்வாகத்தின் தலைவர் மேட் மில்லனை நீக்கினார்கள். 2001 முதல் அவர் பொறுப்பிலிருந்த காலத்தின் கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி. லீமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. எங்களுக்கு வரும் ஆர்டர் ஷீட்டில் எண்கள் வாராவாரம் சுருங்கிக்கொண்டிருந்தன.

அக்டோபர் 12 ஆட்டம் என் மனதில் அப்படியே நிற்கிறது. மினசோட்டாவில், லயன்ஸின் குவார்ட்டர்பேக்காக டான் ஆர்லோவ்ஸ்கி முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய நாள். பந்து லயன்ஸின் சொந்த எல்லைக் கோட்டை ஒட்டி இருக்கிறது. பந்தை வாங்கிக்கொண்டு, எறிவதற்கு ஆள் தேடியபடி அவர் வலப்பக்கம் ஓடுகிறார். எதிரணியின் ஜேரட் ஆலன் துரத்துகிறார். பார்வை முழுக்க முன்னால் இருக்க, ஆர்லோவ்ஸ்கியின் கால் எண்ட் ஸோனின், அதாவது மைதானத்தின் கடைசிப் பகுதியின், பின்கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அது தெரியாமல் கோட்டுக்கு வெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். விசில் ஊதிய பிறகுதான் அவருக்குப் புரிகிறது. இதற்குப் பெயர் சேஃப்டி, எதிரணிக்கு 2 புள்ளி. லயன்ஸ் தோற்றது 12-10 என்ற கணக்கில்.

பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மாதத்தில் நானும் அப்படி ஒரு தப்பு செய்திருந்தேன். கஸ்டமருக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய தேதி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில், லாட்சைப் பிடித்து நிற்கும் ஃபிக்ஸ்சரின் போல்ட்டுகளின் டார்க்கை, அதாவது இறுக்கத்தை, சரிபார்க்காமல் டெஸ்டை ஓடவிட்டேன். மூன்று வார டேட்டா செல்லாமல் போனது. கண் முழுக்கத் தேதியின் மேல் இருந்தது, காலடியில் கோடு எங்கே என்று பார்க்கவில்லை. டெக்னீஷியன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சனிக்கிழமை வந்து ஃபிக்ஸ்சரைப் பிரித்து, என்னையே டார்க் ரெஞ்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடி பூட்டவைத்தார்.

டிக்கெட் விற்றுத் தீராவிட்டால் உள்ளூர் டிவியில் ஆட்டம் காட்டக் கூடாது என்று அப்போது லீகில் விதி இருந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து லயன்ஸின் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் இருக்கைகள் காலியாகத் தொடங்கின, டிவியும் இருண்டது. டெக்னீஷியன் ரேடியோவில் கேட்டார். அவர் காத்திருந்து கேட்டது ஜேசன் ஹேன்சன் உதைக்கும் தருணத்தை. 1992 முதல் லயன்ஸுக்காக மட்டுமே ஆடிய கிக்கர் ஹேன்சன், பந்தை உதைப்பதே அவர் வேலை. அந்த சீசனில் 50 கெஜத்துக்கும் அதற்கு மேலும் 8 முறை ஃபீல்ட் கோல் உதைத்தார், உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. எட்டும் கம்பங்களுக்கு நடுவே போயின. எறியும் பந்தைப் பிடிக்கும் கேல்வின் ஜான்சன் 1,331 கெஜம் எடுத்ததும் அந்த வருடம்தான். அவரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், ஹேன்சனைப் பற்றி எங்கள் டெக்னீஷியன் மட்டும்தான் பேசினார்.

"ஆட்டமே கையை விட்டுப் போன பிறகு மூணு புள்ளி எடுத்து என்ன ஆகப்போகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளே போச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு," என்றார்.

நவம்பரில் முதல் லிஸ்ட் வந்தது. பதினான்கு பேர் இருந்த லேபில் ஒன்பது பேர் மிஞ்சினோம். அப்போது எச்1பி வேலை விசாவில் இருந்தவனுக்கு வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போயிற்று. ராத்திரியில் மனைவியும் நானும் வாடகை அக்ரிமென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் காலி செய்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்ப்போம். ஜிஎம், ஃபோர்ட், கிறைஸ்லர் தலைவர்கள் வாஷிங்டனில் உதவி கேட்டு நின்றதைக் கேன்டீன் டிவியில் பார்த்தோம். அவர்கள் பேசப்பேச, ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடும் நன்றி அறிவிப்பு நாளில் லயன்ஸ் டென்னஸியிடம் 47-10 என்று தோற்றது. அன்றைக்கு டெட்ராய்டில் எந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யார் வாய் திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 21, நியூ ஆர்லியன்ஸிடம் 42-7. அதன் பிறகு நடந்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பயிற்சியாளர் ராட் மரினெல்லியின் மருமகன் ஜோ பேரிதான் தற்காப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பாளர். பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு நிருபர், இந்த மருமகனுக்குப் பதிலாக உங்கள் மகள் நல்ல ஒருவரைக் கட்டியிருக்கக் கூடாதா என்ற பொருளில் கேட்டார். தோற்றவனிடம் எதையும் கேட்கலாம் என்று ஆகிவிடுகிறது. அணி ஆடியதை, உத்தியை, தேர்வை எவ்வளவு கடுமையாகவும் கேளுங்கள், அது வேலை சம்பந்தப்பட்டது. பெண்ணை ஏன் நடுவில் இழுக்க வேண்டும்? எங்களுக்கு இரண்டாவது லிஸ்ட் அந்த டிசம்பரில்தான் வந்தது. அதில் டெக்னீஷியன் பெயர் இருந்தது. கடைசி வேலைநாள் 31. 19-ஆம் தேதி அரசு கார் கம்பெனிகளுக்கு 17.4 பில்லியன் டாலர் கடன் அறிவித்தது, ஆனால் லிஸ்ட் மாறவில்லை.

28-ஆம் தேதி கிரீன் பேயில் 31-21. பதினாறு ஆட்டங்கள் கொண்ட சீசனில் பதினாறும் தோற்ற முதல் அணி ஆனது லயன்ஸ்.

மறுநாள் திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ் ஷட்டவுன், கட்டடத்தில் ஹீட்டரைக் குறைத்திருந்தார்கள். ஒரே ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, என் பழைய தப்புக்காக மறுபடி தொடங்கிய டெஸ்ட். கவுன்ட்டரைக் குறித்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து, கோட்டைக் கழற்றாமல் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். மரினெல்லியை நீக்கிவிட்டதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டி அதை அணைத்தார்.

"ஸ்பிரிங் சத்தம் மாறியிருக்கு. கேளு."

எனக்கு வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை. அவர் விரலை உயர்த்தி, ஒவ்வொரு முறை லாட்ச் மூடும்போதும் காற்றில் தட்டிக் காட்டினார். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு எனக்கும் கேட்டது, மூடிய பிறகு மெல்லியதாக ஒரு உரசல். மெஷினை நிறுத்தினோம். அவர் லாக் புத்தகத்தில் சைக்கிள் எண்ணை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தார். பிறகு ரெஞ்சை என் கையில் கொடுத்தார்.